ஷூவைக் கழற்றச் சொன்ன குரல்

ஜனவரி 8

தம்பிக்கு,

இனி உன்னோடு போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னேன். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் அக்கா சொன்ன சொல் தவறிவிட்டாள் என்று குதிக்காதே.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே கறுப்புத் தோல் ஷூ, ஏழாம் நம்பர். உன் கால் அளவை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட ஷூவிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த அன்று போட்ட பூட்ஸ் வரைக்கும் வாங்கிக் கொடுத்தவள் நான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் என்றால் நாலு பேர் வந்து போகிற இடம். "வீல்சேர்ல வந்திருக்காரு, பாவம்" என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. "யாருப்பா இந்தத் துரை?" என்று கேட்க வேண்டும்.

நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மாற்றமே இல்லை. லிஃப்ட் குழிக்குள் விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் என் வீட்டுக்கு வந்தவன் நீ. தெரியாத ஊரில் தனியாக ஒரு அறை எடுத்து எப்படிச் சமாளிப்பாய் என்று நான் கேட்டது தப்பா? அதற்கு என்ன பேச்சுப் பேசினாய்! "நான் உன் வீட்டு ஷோகேஸ் பொம்மையா? இனிமே உன் வாசப்படியில என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு ஏற யாரையும் விடமாட்டேன்." உன்னைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போன உன் மாமா அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் கேள். மயக்கம் வந்தால் உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வை. டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை.

அக்கா

ஜனவரி 14

அக்காவுக்கு,

ஷூ வந்து சேர்ந்தது. பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கிறது. காலையில் எனக்கு உதவிக்கு வருகிறவர் ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவர். நான் அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மாட்டிப் பார்த்துக் கழற்றினார். "புதுத் தோல் அப்படித்தாங்க இருக்கும், போகப் போகத் தளரும்" என்றார். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். அன்றைக்குத்தான் முதலில் போடப் போகிறேன்.

டாக்டர் சொன்னதை மறக்கவில்லை என்கிறாய். நீ கேட்டதே பாதி. மீதிக்கு அவரையே குறுக்குக் கேள்வி கேட்கப் போய்விட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் முழுசையும் எழுதுகிறேன்.

ரத்தக் குழாய் வெறும் ரப்பர் குழாய் இல்லை. அதன் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசையை எப்போது எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது பரிவு நரம்பு மண்டலம். பேரில்தான் பரிவு. மற்றபடி உன்னைப் போலத்தான், அதட்டி வேலை வாங்கும். நீ எழுந்து நிற்கும்போது உன் காலில் இருக்கிற குழாய்களை இறுக்கி, ரத்தம் கீழேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். எனக்கு மூளையிலிருந்து அதற்குப் போகிற உத்தரவு முதுகில் அறுந்துவிட்டது. சட்டென்று உட்கார வைத்தால் குழாய் இறுகாது, ரத்தம் காலில் தேங்கும், அழுத்தம் விழும், முகம் வெளுத்து மயங்குவேன். அப்போது படுக்க வைத்துக் காலைத் தூக்குவது சரி. இதுதான் நீ கேட்ட பாதி.

மீதிப் பாதி இதற்கு நேர்மாறு. கீழே எங்காவது ஏதாவது அழுத்தினாலும், குத்தினாலும், சிறுநீர்ப்பை நிறைந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனால் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்குத் தெரியும். அது தன் பாட்டுக்கு அந்த நரம்புகளைக் கிளப்பிவிடும். வயிற்றிலும் காலிலும் இருக்கிற குழாயெல்லாம் ஒரேயடியாக இறுகும். "போதும், விடு" என்று மூளை சொல்வது கீழே போய்ச் சேராது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தலை தெறிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், கால் மட்டும் வெளுத்துச் சில்லென்று இருக்கும். அப்போது படுக்க வைத்தால் ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமாக இருப்பதையெல்லாம் தளர்த்தி, எது உறுத்துகிறது என்று தேட வேண்டும். தேடாமல் விட்டால் மூளையில் குழாய் வெடித்து ஆளே போய்விடலாம்.

ஸ்டேஷனில் மயக்கத்தை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். சேருவதற்கு முன்பே வியாதிக் கதை பாடினால் யார் வேலை கொடுப்பார்கள்?

மாமாவிடம் நான் மூட்டை என்று சொன்னது அவரை இல்லை, என்னைத்தான் என்று சொல். இப்போதாவது சாப்பிடட்டும்.

தம்பி

ஜனவரி 20

தம்பிக்கு,

குடிநீர் வாரியத்தில் வால்வு திருப்புகிறவளுக்கே குழாயைப் பற்றிப் பாடம் எடுக்கிறாயா? நல்லது. ஆனால் இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன், வேறு வழியில்லாததால்.

எனக்குப் புரிந்தது இது. தலைமை ஆபீசுக்கும் கீழே இருக்கிற பகுதி ஆபீசுக்கும் நடுவில் லைன் அறுந்துவிட்டது. கீழே இருக்கிறவன் எதையோ பார்த்துப் பயந்து அத்தனை வால்வையும் மூடிவிடுகிறான். "திறடா பாவி" என்று மேலே இருந்து கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. மேல் தெருக் குழாயில் அழுத்தம் ஏறி உடைகிற வரைக்கும் அவன் சும்மா நிற்பான். எங்கள் வேலையில் இப்படி நடந்தால் யாராவது நேரில் ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்க வேண்டும். வேறு வழி கிடையாது. உனக்கும் அப்படித்தானே? ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

ஸ்டேஷனில் சொல்லிவிடு. பெருமைக்கு எருமை மேய்க்காதே. நம் வீட்டில் யாரும் தலைவலி என்று வாய் திறந்ததில்லை என்று நான்தான் உனக்குச் சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெருமை தலைவலி தானாகப் போகிறவர்களுக்கு. உனக்கு இல்லை.

முதல் திங்கட்கிழமை எனக்கு டியூட்டி. ஆகவே வர மாட்டேன். நீயும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வர மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நேற்று முதல் நாள் மிகச் சிறப்பாக முடிந்தது. எல்லா ரயிலையும் நான்தான் அறிவித்தேன். மைக் கொஞ்ச நேரம் மக்கர் செய்தது, அவ்வளவுதான். என் குரல் நன்றாக இருக்கிறதாம். டிக்கெட் கவுண்டர் அம்மா, "ரேடியோல பேச வேண்டியவரு நீங்க" என்றார்கள்.

ஷூவை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காதவர் யாருமே இல்லை என்று சொல்லலாம். கச்சிதமாக இருக்கிறது.

அறை வசதியாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 7

தம்பிக்கு,

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் ஒரு குத்தல் பேச்சுகூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லத் தோன்றினால் சொல்.

எனக்குக் கொஞ்ச நாளாக உள்ளங்காலில் வலி. ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் வெகுதூரம் நடக்கும்படி ஆகிவிட்டது. அது வேறு கதை.

அக்கா

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உனக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. சரி, சொல்கிறேன். ஆனால் "அப்பவே சொன்னேன் இல்ல" என்று ஒரு வரி வந்தாலும் அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

நான் அறிவிப்புச் செய்கிற அறை மாடியில் இல்லை. மூன்றாம் நடைமேடை ஓரத்தில், கதவில் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், நடைமேடைகளைக் காட்டும் திரைகள். திங்கட்கிழமை காலையில் முதல் இரண்டு ரயில்களைச் சொன்னேன். அக்கா, அந்தக் குரல் வெளியே போய்க் கூரையில் மோதித் திரும்பி வந்தபோது, அது என் குரல்தானா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. திரையில் அத்தனை ஜனங்களும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு நான் சொன்ன பக்கம் நகர்ந்தார்கள். என் காலை ஒரு அங்குலம் நகர்த்த முடியாதவன் ஒரு ரயில் நிலையத்தையே நகர்த்தினேன்.

மூன்றாவது ரயிலுக்கு முன்னால் தலைவலி ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது ரயிலில் எழுத்து மங்கியது. நெற்றியிலிருந்து வியர்வை மேஜையில் சொட்டியது. கையால் தொட்டுப் பார்த்தேன், தொடை சில்லென்று புல்லரித்துக் கிடந்தது. என்ன நடக்கிறது என்று அப்போதே தெரியும். இந்த ரயிலை மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் தப்பு. முடிக்கும் முன் மேஜையில் சாய்ந்துவிட்டேன்.

பார்சல் கவுண்டர்காரரும் டிக்கெட் கவுண்டர் அம்மாவும் ஓடி வந்தார்கள். நான் சொல்லி வைத்த மயக்கப் பாடத்தை அப்படியே ஒப்பித்தார்கள். என்னைத் தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார்கள். தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தது மாதிரி இருந்தது. இழுத்த வேகத்தில் மைக்கும் என்னோடு தரைக்கு வந்துவிட்டது, அணையாமல். நான் கத்தியது அவர்களுக்கு மட்டுமில்லை, ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

"படுக்க வைக்காதீங்க! தூக்கி உட்கார வைங்க! காலைக் கீழ விடுங்க! ஷூவைக் கழட்டுங்க! உடனே ஷூவைக் கழட்டுங்க!"

அறிவிப்பாளர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்று தெரியும். இவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது. இரண்டாம் நடைமேடையில் பாதிப் பேர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். ஏதோ பாதுகாப்புச் சோதனை என்று ஒருவர் சாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிட்டாராம்.

என்னை உட்கார வைத்து ஷூவைக் கழற்றியதும் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. முதலுதவி அறை நர்ஸ் அளந்து அளந்து பார்த்தார். டாக்டர் வந்து பார்த்தார். சாயங்காலம் வரை ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். சாயங்கால ரயில்களை நானே சொன்னேன்.

பயில்வான் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார். வேறொன்றுமில்லை. ஷூ நல்ல ஷூ.

நான் வேலையில் இருப்பதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் முடிவு செய்கிறார். இப்போது எல்லாரிடமும் இரண்டு பாதியையும் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். அன்றைக்கு நடைமேடையில் கிடந்தது என்று ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து தொலைந்த பொருள் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் செருப்பு. சிவப்பு வார். குதிகால் பக்கம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, கோபமாக நடக்கிறவர்கள் செருப்பு மாதிரி. உன் செருப்பு என்ன நிறம்?

தம்பி

பிப்ரவரி 18

தம்பிக்கு,

சிவப்பு.

டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தேன். உன்னைப் பார்க்க இல்லை, கேட்க. கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்று மூன்றாம் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் பெரிய தகரப் பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்து அடைத்துக்கொண்டு இருந்தார். உன் குரல் வந்தது. வெண்கலக் கடையில் மணி அடித்தது போலக் கணீர் என்று. "யாருங்க இது, புது ஆளா? நல்லாப் பேசுறாரே" என்றார். "என் தம்பி" என்றேன். அவர் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "நல்லா உட்காருங்கம்மா" என்றார். எனக்கு என்ன பெருமை தெரியுமா? வால்வு ஆபீசில் என்னை யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. இரண்டாவது ரயிலுக்கும் அவரிடம் "என் தம்பி" என்றேன். அவருக்குத் தெரியும் என்று தெரிந்தும் சொன்னேன்.

நாலாவது ரயிலில் உன் குரல் குழறியது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிறகு நீ கத்தினாய். சுற்றி இருந்தவர்கள் குனிந்து ஷூவைக் கழற்றினார்கள். நான் ஓடினேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, சதை ஆடியதோடு நிற்கவில்லை, ஒற்றைச் செருப்பும் எங்கோ போய்விட்டது.

கதவுக்கு வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். முகம் செங்கல் நிறம். காலைக் காட்டி ஒருவருக்கும், சட்டைப் பித்தானைக் காட்டி இன்னொருவருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாய். நர்ஸ் உன் கையில் ரத்த அழுத்தம் அளக்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கதவில் கை வைத்தேன்.

தள்ளினால் நான் ஜெயித்திருப்பேன். "பார்த்தியா, தனியா இருக்க முடியாதுன்னு சொன்னேன்" என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் உள்ளே இருந்தவன் காப்பாற்றச் சொல்லிக் கத்தவில்லை. எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தலை வெடிக்கிற வலியில், எது முதலில், எது பிறகு என்று தவறாமல். நான் உள்ளே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பயத்தில் பாடம் மறந்து நானும் உன் காலைத்தான் தூக்கியிருப்பேன். கையை எடுத்துவிட்டேன்.

திரும்புகிற நேரத்தில்தான் தரையில் கவிழ்ந்து கிடந்த ஷூவைப் பார்த்தேன். உன் காலையும் பார்த்தேன். விரல் எல்லாம் மடங்கிச் சிவந்து கிடந்தது. பயில்வான் மேல் பழி போடாதே. அந்த மனுஷன் பாவம். ஏழாம் நம்பர் நடக்கிற காலுக்கு வாங்கியது. நாள் முழுக்க நாற்காலியில் தொங்குகிற கால் வீங்கி அகலும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அந்தக் காலைத் துடைத்துவிட்டவள் நான். கடைக்காரர் நம்பர் கேட்டதும் வாயில் பழைய நம்பர்தான் வந்தது. நீ இன்னும் ஓடுகிறாய் என்றே எனக்குள் யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல. நீ அதை மறைத்து "ஷூ நல்ல ஷூ" என்று எழுதியதைப் படித்து நான் அழுதேன். இதை மாமாவிடம் சொல்லாதே, அவர் ஊரெல்லாம் சொல்வார்.

என் ரயில் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. நான் பெஞ்சை விட்டு எழவில்லை. சாயங்காலம் உன் குரல் மறுபடி வந்தது. "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றாய். ரயிலுக்காகத்தான் சொன்னாய். ஆனால் நான் எழுந்து நின்று கேட்டேன்.

நேற்று நம் வாசற்படி மூன்றையும் உடைத்தாயிற்று. கொத்தனார் சிமெண்டில் சரிவுப் பாதை போட்டிருக்கிறார். "இருந்த படிக்கு என்ன கேடு?" என்று கேட்டார். "கேடு இல்ல, ஒருத்தருக்கு மரியாதை" என்றேன். உன் மாமா யாரிடமோ சக்கர நாற்காலி இரவல் வாங்கி அதில் ஏறி இறங்கிப் பார்த்தார். இறங்கும்போது நேராகக் கேட்டில் போய் முட்டினார். சரிவு அதிகம் என்று இன்று கொஞ்சம் நீட்டிப் போடுகிறார்கள். உன்னை இனி இந்த வீட்டில் யாரும் தூக்க மாட்டார்கள்.

காலை நீயே அளந்து நம்பர் அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

வேலை உறுதியாகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் கடுகடுத்த ஆள். கூட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "அன்னிக்கு இவரை மாதிரி ஆர்டர் போட நம்ம யாருக்கும் தெரியல. ஒரே வருத்தம், மைக்கை அணைச்சிட்டு ஆர்டர் போட்டிருக்கலாம்." சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முகம் சிவந்தால் உட்கார வை, வெளுத்தால் படுக்க வை என்று இப்போது டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் பாடம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் கதவில் "அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது" என்று பலகை இருக்கிறது. பிறந்ததிலிருந்து எந்தப் பலகையையும் மதிக்காத நீ அன்றைக்கு அதை மதித்தாய். நீ உள்ளே வந்திருந்தால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்திருப்பேன், அக்கா. அவ்வளவு பயந்து போயிருந்தேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்.

செருப்பை வாங்கப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். "இந்த ஒத்தச் செருப்பு யாருதுன்னு தெரிஞ்சிடுச்சா?" என்று டிக்கெட் கவுண்டர் அம்மா கேட்டார்கள். "எங்க அக்காவோடது" என்றேன். அன்று நடந்ததைச் சொன்னேன். பார்சல் கவுண்டர்காரர் அதைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஒன்பதாம் நம்பர், அகலமானது. அதே கறுப்பு.

சனிக்கிழமை வருகிறேன். மாமாவை வாசல் கேட் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று சொல், இடித்துவிடப் போகிறேன். சரிவில் யாரும் தள்ள வேண்டாம், பிடிக்க வேண்டாம். நானே ஏறி வருகிறேன். நீ மேலே வாசலில் நின்று பார்.

தம்பி